பட்டு நூலை வெட்டிய சாப்பர்

அவன் போட்ட ரீலுக்கு முதல் லைக் என்னுடையது. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன்.

ரீலில் ஒரு கேம்ப் சாப்பர், காட்டில் விறகு வெட்டுகிற கத்தி. ஒரு முழ நீளம், கறுத்த முதுகு, பூவரசங்கட்டைப் பிடி. ஸ்லோ மோஷனில் ஒரு மூங்கிலை ஒரே வெட்டில் சாய்க்கிறான். கீழே கமெண்டில் மலையேறப் போகிறவர்கள் வரிசை கட்டி விலை கேட்கிறார்கள். இவனுக்குக் கத்தி என்றால் என்னவென்று காட்டியதே நான்தான் என்று அங்கே எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். கடைசியில் ஒரு நெருப்பு எமோஜியைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இருவரும் ஒரே காலேஜ், ஒரே மெக்கானிக்கல். உலோகவியல் பேப்பரில் அவன் அரியர், நான் வகுப்பில் இரண்டாவது. ஐடியா என்னுடையது. இரும்பு மட்டும் அவனுடையது. அவன் அப்பா வாலாஜாபாத் ரோட்டில் லாரி மெக்கானிக். லாரியின் பாரத்தைத் தாங்கும் வளைந்த கமான் பட்டைகள் உடைந்தால் ஷெட்டுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். அதை அறுத்துக் கத்தி செய்யலாம், ட்ரெக்கிங் போகிறவர்களுக்கு விற்கலாம் என்று நான்தான் சொன்னேன். காந்தம் ஒட்டாத அளவுக்குச் சூடாக்கு, எண்ணெயில் முக்கு. இரும்பு கண்ணாடி மாதிரி கெட்டியாகும், கண்ணாடி மாதிரியே உடையவும் செய்யும். அதனால் ஓவனில் இரண்டு மணி நேரம், இரண்டு தடவை வைத்து இறுக்கத்தைத் தளர்த்து. இதையெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வரைந்து காட்டினேன். என் முதல் கத்தி வாழைக்காய் மாதிரி வளைந்தது. அவனுடைய முதல் கத்தி ஸ்கேல் மாதிரி நேராக வந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு வயிற்றெரிச்சல்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஒரு நாள் அவன் புதிதாக முடித்த சாப்பரோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்பா பட்டுத் தறியிலிருந்து எழுந்து வந்தார். சாதாரணமாக, பாவு பாதியில் இருக்கும்போது யார் வந்தாலும் எழ மாட்டார். கத்தியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். சமையலறையிலிருந்து தேங்காயைக் கொண்டுவரச் சொல்லி, ஒரே போடு. சரிபாதி.

"இன்னாபா, கையால செஞ்சதா இது? எனக்கும் ஒண்ணு செஞ்சி குடுபா" என்றார்.

அவரிடம் ஏற்கனவே ஒன்று இருந்தது. போன பொங்கலுக்கு நான் செய்து கொடுத்தது. மாடி ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்.

பிறகு தென்னேரிக்காரர் வந்தார். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறவர். சனி ஞாயிறில் சென்னை ஐடி ஆட்களுக்கு டென்ட் போட்டு, விறகு கொளுத்தி, கறி சுட்டுக் கொடுப்பார். ரீலைப் பார்த்துவிட்டு அவனுக்கு மெசேஜ் போட்டிருக்கிறார்: டென்டுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சாப்பர் வேண்டும். அந்த ஆர்டரை அவன் அப்படியே அமுக்கியிருக்கலாம். நானாக இருந்தால் அமுக்கியிருப்பேன். இவனோ, என் ஃப்ரெண்டும் செய்கிறான், இரண்டு பேருடையதையும் பாருங்கள் என்று பதில் போட்டிருக்கிறான். ஞாயிறு காலை ஆளுக்கு ஒரு கத்தியோடு தோப்புக்கு வரவேண்டும், எது தாங்குகிறதோ அதற்கு ஆர்டர் என்று முடிவானது.

அந்தப் பன்னிரண்டும் எனக்கு வேண்டும். வேறு எதையும் நான் அப்போது யோசிக்கவில்லை. கத்தி என்றால் ஊரில் இவன் பெயர் வருவதற்கு முன்னால் என் பெயர் வரவேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் கூர் என்றால் ஒரே பரீட்சை. சாணை பிடித்து வந்த கத்தரியை அம்மா சும்மா வாங்கிக்கொள்ள மாட்டார். ஒற்றைப் பட்டு இழையை எடுத்து, இழுக்காமல் தொளதொளவென்று பிடித்து, அலகை அதன்மேல் வைப்பார். இழை நழுவினாலோ பிசிறு விட்டாலோ சாணைக்காரர் மறுபடி சக்கரத்தை மிதிக்க வேண்டியதுதான். சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்தவனுக்கு, பட்டு இழையை வெட்டாத இரும்பு வெறும் தகடு.

சட்டைப்பையில் ஓர் இழையோடு அவன் ஷெட்டுக்குப் போனேன். அவன் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அவன் கத்தியின் மேல் இழையை வைத்தேன். நழுவியது. மறுபடி வைத்தேன். மறுபடியும் நழுவியது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! அவன் வந்ததும், கூர் நன்றாக இருக்கிறது மச்சான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்த வாரம் முழுக்க என் சாப்பரின் விளிம்பை பெல்ட் கிரைண்டரில் தேய்த்துத் தேய்த்துச் சவரக் கத்தியாக்கினேன். அவ்வளவு மெல்லிய விளிம்பு மடங்காமல் நிற்க வேண்டுமென்றால் இரும்பு கெட்டியாகவே இருந்தாக வேண்டும். அதனால் ஓவனில் இருபது நிமிடம்தான் வைத்தேன். ஒரே தடவை. அது தப்பு என்று தெரியும். அரியர் வைத்தவன் தெரியாமல் செய்த தப்பில்லை. பாஸானவன் தெரிந்தே செய்தது. ஆனால் இழையை வைத்ததும் இரண்டாகிக் கீழே மிதந்து இறங்கியது பாருங்கள், அதற்குப் பிறகு எனக்கு எந்தப் பாடமும் நினைவில் இல்லை. வீடியோ எடுத்துப் போட்டேன். 'செம மச்சான்' என்று முதல் கமெண்ட் அவனுடையது. அதுவும் எரிந்தது.

ஞாயிறு காலை தென்னேரிக்காரர் அரை டிராயரும் தலையில் துண்டுமாக நின்றிருந்தார். என் கத்தியை முதலில் எடுத்தார். முன்கை முடியைச் சிரைத்துப் பார்த்தார். பேப்பரைச் சீவினார். புருவத்தைத் தூக்கினார். நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன், சும்மா.

பிறகு அவர் ஒரு சீமைக் கருவேலக் கட்டையை உருட்டிக்கொண்டு வந்தார். காய்ந்து கல்லாகிப் போன கட்டை. என்னிடமே கத்தியைக் கொடுத்து வெட்டச் சொன்னார். முதல் மூன்று வெட்டும் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி. நான்காவது வெட்டில் டிங் என்று ஒரு சத்தம். பார்த்தால் விளிம்பில் நகம் அளவுக்குப் பிறை மாதிரி ஒரு துண்டைக் காணோம். மானம் போகக் கூடாதென்று இன்னும் ஓங்கிப் போட்டேன். பக்கத்திலேயே இன்னொரு பிறை.

அடுத்து அவன். அவனுடைய சாப்பர் சீவவில்லை, சிரைக்கவில்லை. மொக்கையாக, தடியாக, போட்ட இடத்தில் கட்டையைப் பிளந்துகொண்டே போனது. கணுவுக்குள் குத்தி நெம்பினான். அவன் சட்டை நனைந்ததே தவிர விளிம்பில் ஒரு கீறல் இல்லை.

"தம்பி, உன்து சூப்பரா கீறுது" என்றார் தென்னேரிக்காரர் என்னிடம். "ஆனா இங்க வர்றவங்க வெறகு வெட்டுவாங்க, ஆபரேசன் பண்ண மாட்டாங்க."

தோப்பில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவன் குனிந்து உடைந்த துண்டுகளைத் தேட ஆரம்பித்தான். இரண்டையும் கண்டுபிடித்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், ஓவன்ல எவ்ளோ நேரம் வச்ச?"

"ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு தடவையா?"

"ஆமாடா."

என் முகத்தைப் பார்த்தான். துண்டுகளைக் கர்சீப்பில் மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அவரிடம் திரும்பினான்.

"பழைய பட்டைங்கண்ணா. உள்ள எங்கனா விரிசல் இருந்திருக்கும், வெளிய தெரியாது. வேலை சுத்தமாதான் செஞ்சிக்கிறான்."

எனக்காகப் பொய் சொன்னான். தோற்றதைக்கூட நான் மறந்திருப்பேன். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். பன்னிரண்டைத் தனியாக முடிக்க முடியாது, ஆறு நீ செய் என்றான். எனக்கு ஒரகடத்தில் இன்டர்வியூ இருக்கிறது, நேரமில்லை என்றேன். எப்போது என்று கேட்டான். அடுத்த வாரம் என்றேன்.

"ஒரு வருசமா உனுக்கு அடுத்த வாரந்தாண்டா இன்டர்வியூ இருக்குது" என்றான். டீ மாஸ்டர்கூடச் சிரித்தார்.

மூன்று நாள் அவன் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. நான்காவது நாள் போனேன். ஆர்டர் முழுக்க அவனுடையதாகவே வெளியே போவதை வீட்டில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருப்பதைவிட, ஆறு கத்தியாவது என்னுடையதாக இருக்கட்டும் என்றுதான் போனேன். என் கத்திகளை ஓவனில் அவனே வைத்து, போனில் அலாரமும் அவனே வைத்தான். நானும் வாயை மூடிக்கொண்டு விளிம்பைத் தடியாக விட்டேன். பிடிக்குப் பக்கத்தில் அவன் தன்னுடையவற்றுக்கு ஒரு புள்ளி அடித்தான். நான் என்னுடையவற்றுக்கு இரண்டு கோடு.

தென்னேரிக்காரர் வேனில் வந்தார். பன்னிரண்டையும் கலந்து ஒரு சாக்கின் மேல் பரப்பியிருந்தோம். அவர் குனிந்து, மேலோட்டமாகப் பார்த்து, ஒன்றை எடுத்தார். கையில் தூக்கிப் பார்த்து, ஒரு கட்டையில் இரண்டு போடு போட்டு, தலையை ஆட்டினார். மற்றதையெல்லாம் பார்க்காமலே அரிசி மூட்டைப் பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அவன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பாமலே, ஏதோ மழை வருமா என்று கேட்கிற மாதிரி கேட்டான்.

"மொதல்ல எட்த்தாரே, அது யார்து மச்சான்? பாத்தியா?"

பார்த்தேன். ஒரு புள்ளி.

"கவனிக்கலடா" என்றேன்.