படகில் மாட்டிய ஆட்டோ மோட்டார்

காலை எட்டு நாற்பது. தகவல் வந்து போனபோது, மரக்காணம் உப்பங்கழிக் கரையில் முதலில் கண்ணில் பட்டது, ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்த எட்டுப் பெண்கள். அடுத்து, இன்னொரு படகின் பின்னால் கயிறு கட்டி இழுத்துவரப்பட்ட அஞ்சலையின் படகு. அதில் பேட்டரி ஆட்டோவின் எலெக்ட்ரிக் மோட்டாரை மாட்டியவன் நான். மாட்டிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. மோட்டார் மூடியைக் கழற்றியதும் வார்னிஷ் கருகிய வாடை. உள்ளே செப்புக் கம்பிச் சுற்று, அதாவது காயில், எரிந்துபோயிருந்தது.

விழுப்புரத்தில் இருபது வருடம் மோட்டார் ரீவைண்டிங் செய்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு பேட்டரி ஆட்டோ பட்டறையில் சேர்ந்திருந்தேன். அஞ்சலை, இறால் பிடிக்கும் பெண்களை விடிந்ததும் அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிறவர். டீசல் இன்ஜினை விற்றுவிட்டு எங்களிடம் வந்தார்.

ஆட்டோ மோட்டார் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று. படகில் இருந்த பழைய புரொப்பல்லர் பெரியது, ஆயிரத்துக்கு மேல் சுற்றக் கூடாது. ஆகவே கியர் ரேஷியோ மூன்றுக்கு ஒன்று: மோட்டார் மூன்று சுற்றினால் புரொப்பல்லர் ஒன்று. பட்டறை முதலாளியிடம் எழுதிக் கொடுத்தேன். ஸ்டாக்கில் இருந்த கியர்பாக்ஸ் இரண்டுக்கு ஒன்று.

"இதையே போடு மேஸ்திரி. ஸ்பீடு கெடைக்கும்ல?" என்றார் முதலாளி.

"லோடு தாங்காதுங்க. புரொப்பல்லர் ஒன்றரை மடங்கு வேகமா சுத்தணும்னா மூணு மடங்குக்கு மேல பவர் கேக்கும்."

"ஏத்தத்துலதான்யா லோடு. தண்ணியில ஏது ஏத்தம்?"

ஆட்டோக்காரர்களின் கணக்கு அது. சமதரையில் வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் மோட்டாருக்கு ஓய்வு கிடைக்கும். தண்ணீரில் முழுத் தூரமும் ஏற்றம்தான்.

இரண்டுக்கு ஒன்றையே மாட்டினேன். டிரையலில் முதலாளி, அஞ்சலை, நான் என மூன்று பேர். மோட்டார் தாங்கக்கூடியது இருபத்தைந்து ஆம்பியர். மீட்டர் முப்பத்தெட்டு காட்டியது. படகு நன்றாகவே ஓடியது. அஞ்சலை சிரித்தார். முதலாளி, "மீட்டரையே பாத்துக்கினு இருந்தா பொழப்பு ஓடுமா? ஜல்தி கையெழுத்துப் போடு" என்றார். டெஸ்ட் ஷீட்டில் போட்டேன். அஞ்சலையிடம், "ஃபுல்லா முறுக்காதீங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

அன்று காலை எட்டுப் பேர் ஏறியிருந்தார்கள். எதிர்க்காற்று. படகு நகராததால் அஞ்சலை ஃபுல்லாக முறுக்கியிருக்கிறார். நடுவில் மோட்டார் நின்றது. கடலுக்குத் திரும்பும் வற்றுநீர் படகை முகத்துவாரம் பக்கம் இழுத்துப் போனது. அலை உள்ளே அடித்தது. வலைக்காரர் ஒருவர் பார்த்துக் கயிறு போட்டார்.

கரையில் இருந்தவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஆட்டோ மோட்டாராமே? ஆட்டோ நின்னா எறங்கித் தள்ளுவோம். இங்க எங்கய்யா எறங்குறது?" இரண்டு பேர் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை.

"தாங்காதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா மேஸ்திரி?"

"தெரியும்மா."

"தெரிஞ்சிக்கினேதான் எங்கள ஏத்தி அனுப்புனியா?"

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ரேஷியோவை ஸ்டாக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முழு லோடு ஏற்றி, எதிர்க்காற்றில் ஆம்பியர் பாருங்கள். அதிகம் காட்டினால், ஓட்டப் போகிறவரிடம் அந்த அளவைச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் காயில் கட்டி, மூன்றுக்கு ஒன்று கியர்பாக்ஸ் மாட்டினேன். முழு லோடில் டெஸ்ட் செய்ய எட்டுப் பேர் வேண்டும் என்றேன். அஞ்சலை வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். எட்டுப் பேரின் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றினோம். மீட்டர் இருபத்திரண்டு காட்டியது.

அந்தப் பெண்கள் இப்போது வேறு படகில் போகிறார்கள்.