எலிப்படக் கணினி ஜெயசுதா

செஞ்சி கூட்டு ரோட்டில் மேல்மலையனூர் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் எதிர்ச்சுவரில் ஒரு போஸ்டரைப் பார்க்கலாம். பட்டுப்புடவையும் தலைகொள்ளாத மல்லிகையுமாக ஒரு பெண் சிரிக்கிறாள். பெயர் ஜெயசுதா. அந்தப் படம் அவளுடைய சாவுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தேர்ந்தெடுத்தவன் அவள் கழுத்தில் தாலி கட்டியவன்.

சிங்கவரத்தில் வேர்க்கடலை விவசாயம் செய்யும் வீட்டில் பிறந்தவள் ஜெயசுதா. பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் அவளுக்கும் கிடைத்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அந்த லேப்டாப்பும் சீரோடு மண்டபத்துக்கு வரும். கட்டில், பீரோ, பித்தளை அண்டா, அண்டாவின் மேல் லேப்டாப். பெண் படித்தவள் என்பதற்கு அது அத்தாட்சி. மண்டபத்தை விட்டு வந்ததும் பீரோவுக்குள் போய்விடும். அப்புறம் யாரும் அதைத் தொடுவதில்லை. புடவைகளுக்கு அடியில் கிடந்து அது செத்துப்போகும்.

ஜெயசுதாவும் அப்படித்தான் செத்துக்கொண்டிருந்தாள். கணவன் காமராஜ் ஜேசிபி ஓட்டுபவன். பாறையைப் பெயர்க்கிற கை. முதல் அறை, குழம்பில் உப்புக் குறைந்ததற்கு விழுந்தது. அடுத்த அறைக்குக் காரணமே தேவைப்படவில்லை. பெல்ட்டின் கொக்கி முதுகில் பதிந்த இடங்கள் மழைக்காலத்தில் இன்றும் நோகின்றன. அடிச்சத்தம் தெருவுக்குக் கேட்காமல் இருக்க மாமியார் காத்தாயி டிவியின் சத்தத்தைக் கூட்டி வைப்பாள். சீரியலில் அழுகிற பெண்களுக்காக அவள் கண் கலங்குவதும் உண்டு.

உதடு கிழிந்து வீட்டுக்குள் பூட்டப்பட்டிருந்த ஒரு பகலில் ஜெயசுதா பீரோவைத் திறந்து லேப்டாப்பை எடுத்தாள். அது கண் திறப்பதற்குள் உலையில் போட்ட அரிசி வெந்துவிட்டது. ஏதாவது ஒன்றைத் தொட்டால் அப்படியே உறைந்து நின்றது. செல்போனில் தேடத் தொடங்கினாள். பழைய கணினிக்கென்றே, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸில் பாரமில்லாத ஒரு முகப்பு இருக்கிறது, பெயர் எக்ஸ்எஃப்சிஇ, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று படித்தாள். அம்மா வீட்டுக்குப் போன சாக்கில் செஞ்சிக்கு வந்து, ஒரு பிரவுசிங் சென்டரில் அதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டாள். தப்பும் தவறுமாக முயன்று, கடைசியில் திரையின் மூலையில் அதன் அடையாளமான ஒரு சின்ன எலிப்படம் வந்து நின்றது. தொட்டதெல்லாம் உடனே திறந்தது. செத்த பிள்ளை மூச்சு விட்டதுபோல் அவள் வாய்விட்டு அழுதாள்.

வேலையும் தேடிக்கொண்டாள். திண்டிவனம், செஞ்சி பிளக்ஸ் கடைகளில் எல்லா போஸ்டரையும் கடையிலேயே செய்வதில்லை. போட்டோவையும் விவரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வீட்டில் இருக்கும் பெண்கள் வடிவமைத்துக் கொடுப்பார்கள். அதிகம் வருவது கண்ணீர் அஞ்சலி. பிணத்தை எடுப்பதற்குள் போஸ்டர் ஒட்டியாக வேண்டும். தாமதமானால் பங்காளிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் அந்த வேலைக்கு எப்போதும் அவசரம், எப்போதும் ஆள் தேவை.

ஒருநாள் காமராஜ் அவள் செல்போனைப் பிடுங்கிப் பார்த்தான்.

"இன்னாடி இது, கண்டவன் போட்டோல்லாம் உனக்கு வருது?"

"எல்லாம் செத்தவங்க போட்டோங்க."

"செத்தவனோட கூடவா உனக்குச் சகவாசம்?"

லேப்டாப்பின் சார்ஜர் ஒயரை உருவினான். அது காற்றில் சீறியது. முழங்கையில் தோல் பிளந்து ரத்தம் சுவரில் தெறித்தது. அவள் சுருண்டு விழுந்தபிறகு லேப்டாப்பைத் தூக்கித் துணி துவைக்கும் கல்லின் மேல் அறைந்தான். ஹார்ட் டிஸ்க் அன்றோடு போனது. செத்துவிட்டது என்று அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

ஆனால் அந்த லினக்ஸுக்கு ஹார்ட் டிஸ்க்கே வேண்டியதில்லை. பென் டிரைவைச் செருகினால் அதிலிருந்தே ஓடும். விரிசல் விழுந்த திரையில் எலிப்படம் மறுபடி வந்தது. பென் டிரைவை எங்கே ஒளிப்பது? தாலிக்கயிற்றில் ஊக்குகளோடு ஊக்காக அதையும் கோத்துக்கொண்டாள் ஜெயசுதா. ஊக்கு எத்தனை என்று எந்தப் புருஷன் பார்க்கிறான்?

அவன் வேலைக்குப் போன பகல்களில் அவள் வீடு வீடாக நடந்தாள். மலையனூர் சாலையோரத்து ஊர்களில் வாழ்க்கைப்பட்ட பெண்களின் பீரோக்களைத் திறக்கச் சொன்னாள். கடலைக்கொல்லையில் கூலிக்குக் களை வெட்டும் குஞ்சம்மாள், மகள் விட்டுப்போன லேப்டாப்பின் மேல் பருப்பு டப்பா வைத்திருந்தாள்.

"அது பாட்டுக்குக் கெடக்குது. அத இன்னாத்துக்கு நோண்டற?"

"உயிர் இருக்குதுக்கா அதுல."

"உன் உயிரே ஊசலாடுது. இதுல டப்பாவுக்கு உயிர் குடுக்க வந்துட்டா, பெரிய டாக்டரு."

சிரித்துக்கொண்டேதான் டப்பாவை நகர்த்தினாள் குஞ்சம்மாள். அந்த லேப்டாப்பில் இன்று அவள் மருமகள் கல்யாணப் பத்திரிகை செய்கிறாள். செஞ்சியில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த விமலாவுக்குத்தான் முதலில் பயம். புருஷன் வெளியூரில், கையில் குழந்தை. ஜெயசுதா தன் பென் டிரைவிலிருந்து அவளுக்கும் ஒரு நகல் போட்டுக் கொடுத்தாள். "கனமில்லாத சாமான் விமலா. நம்மள மாதிரி, பழைய உடம்புலயும் ஓடும்" என்றாள். வேலை கற்றுக்கொண்ட பெண்கள் எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார்கள்.

ஒரு காலையில் ஜெயசுதா கணவனிடம் சொன்னாள்: "செஞ்சியில ரூம் பாத்துட்டேன். அமாவாசை கழிச்சுப் போயிடுவேன். இனிமே என் மேல கை வெச்சா ஸ்டேஷனுக்குப் போவேன்."

அவன் அடிக்கவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அமாவாசையன்று மல்லிகைப்பூ வாங்கி வந்தான்.

"சுதா, போறதுன்னா போ. ஒரே ஒருதபா மலையனூரு அங்காளம்மாவப் பாத்துட்டு வந்துடலாம். இத்தினி வருசம் வாழ்ந்துட்டோம்."

எத்தனை அடி வாங்கினாலும் ஒரு முழம் பூவுக்கு நெகிழ்ந்துவிடுகிற மனசை எந்தக் கடவுள் பெண்ணுக்கு வைத்தானோ. பூவை வைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

அதே நேரம் விமலாவின் செல்போனில் திண்டிவனத்துக் கடையிலிருந்து ஓர் ஆர்டர் வந்து விழுந்தது. கண்ணீர் அஞ்சலி, சாயங்காலத்துக்குள் வேண்டும். விமலா போட்டோவை லேப்டாப்பில் திறந்தாள். கல்யாணக்கோலத்தில் ஜெயசுதா சிரித்தாள். கீழே, மறைவு: அன்றைய தேதி. 'ஆறாத்துயரில் வாடும் அன்புக்கணவர் காமராஜ்.'

ஜெயசுதாவின் சொந்தக்காரர்கள் வந்து இறங்கும்போது சுவரெல்லாம் தன் கண்ணீர் ஒட்டியிருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. செஞ்சியில் கொடுத்தால் தெரிந்துவிடும் என்று திண்டிவனத்தில் கொடுத்திருந்தான். அந்தக் கடையின் வேலையும் செஞ்சிப் பெண்களின் பழைய லேப்டாப்புக்குத்தான் வருகிறது என்று அவனுக்குத் தெரியாது.

ஜெயசுதாவின் செல் அணைந்திருந்தது. விமலா அவள் மாமியார் காத்தாயியை அழைத்தாள்.

"அவங்க ரெண்டு பேரும் மலையனூருக்குப் போயிருக்காங்களேம்மா. உனுக்கு இன்னா இப்போ டென்ஷன்?"

விமலா அந்தப் போட்டோவை அப்படியே குழுவில் போட்டாள். "அக்காவக் கொல்லப் போறான். மலையனூர் ரோட்டுல இருக்கிறவங்க எல்லாம் வெளிய வாங்க." குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

கடலைக்கொல்லையில் நின்றிருந்த குஞ்சம்மாளிடம் மருமகள் செல்போனோடு ஓடிவந்து படத்தைக் காட்டினாள். குஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். நீர் நிறைந்து கைவிடப்பட்ட கல்குவாரிப் பக்கம் ஒரு வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் தலையில் நிறையப் பூ.

குவாரியின் விளிம்பில் காமராஜ் ஒரு கருங்கல்லை எடுத்து முதல் அடியை அவள் பின்மண்டையில் இறக்கினான். மல்லிகை சிவந்தது. விழுந்தவள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அந்த விரல்களைக் கல்லால் நசுக்கினான். எலும்பு நொறுங்கும் சத்தம் பாறையில் எதிரொலித்தது. கழுத்தைப் பிடித்து விளிம்புக்கு இழுத்தபோது தாலிக்கயிறு அறுந்து, ஊக்குகளோடும் பென் டிரைவோடும் பச்சைத் தண்ணீரில் போய் விழுந்தது.

"யோவ், விட்ருய்யா" என்றாள். அவளுக்கே குரல் கேட்கவில்லை.

"போ. உன் போஸ்டரு சாயங்காலம் வந்துடும்."

அவன் முதுகில் களைக்கொத்து இறங்கியது. திரும்பினான். குஞ்சம்மாளும் மருமகளும் கொல்லையிலிருந்த அத்தனை பெண்களும் நின்றார்கள். அவன் கல்லை ஓங்கினான். அடுத்த கொத்து முழங்கையில் விழுந்தது. பாறையைப் பெயர்த்த கை தொங்கிப்போனது. பிறகு யார் அடித்தது, எங்கே அடித்தது என்று யாரும் பார்க்கவில்லை. போலீஸ் ஜீப் வந்தபோது அவனுக்கு மூச்சு மட்டும் மிச்சமிருந்தது. ஒரு பெண் அவன் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்துரும்மா."

"செத்துட்டானான்னு பாக்கறேன் சார். போஸ்டர் ஆர்டர் இருக்குது."

காமராஜ் இப்போது சிறையில் இருக்கிறான். ஜெயசுதாவின் வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் செஞ்சி ரூமுக்குத்தான் வந்தாள். விமலா தன் பென் டிரைவிலிருந்து ஒரு நகல் போட்டு, ஜெயசுதாவின் பழைய லேப்டாப்போடு எடுத்து வந்திருந்தாள். ஜெயசுதா கொடுத்ததே அவளுக்குத் திரும்பி வந்தது. விரிசல் விழுந்த திரையில் எலிப்படம் வந்தது.

"அந்த போஸ்டர் ஆர்டர் இருக்குதா?" என்று கேட்டாள் ஜெயசுதா.

"அத ஏன்க்கா பாக்கணும்? அழிச்சுடறேன்."

"அழிக்காத. போட்டோவுல நான் நல்லாத்தான் இருக்கேன்."

அந்தப் படத்தை எடுத்து, மடங்காத விரல்களோடு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வேலை செய்தாள். படத்துக்குக் கீழே அவள் எழுதியதைத்தான் இன்று கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் படிக்கிறார்கள்:

'பீரோவில் கிடக்கும் உங்கள் சீர் லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள். எடுத்து வாருங்கள். லினக்ஸ் போட்டு ஓடவைத்துத் தருகிறோம். இப்படிக்கு, உயிரோடு இருக்கும் ஜெயசுதா.'