"கையை எடு... வாயால் சொல்லு!"

போன வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஸ்பெயினிலிருந்து. தெரியாத்தனமாக ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன்... எங்கள் ராயபுரம் வீடே அதிர்ந்தது. ஒரு பெண் குரல், மூச்சு விடாமல், ஸ்பானிஷில் ஒன்றரை நிமிஷம் திட்டித் தீர்த்தது.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "யார்டி அது? இன்னாத்துக்கு இப்டி கத்துது?"

"என் தோஸ்தும்மா. நாலு மாசமா ஏன் போன் பண்லன்னு கேக்குறா."

"கேக்குற மாரியா கீது? அடிக்க வர்ற மாரி கீது!"

அவள் பெயர் மரிசா. வலென்சியா நகரத்தில் மீன் விற்கிறாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவள். நான் அங்கே படித்து முடித்து டிகிரியோடு ஊர் திரும்பியதில் என் புரொபசர்களுக்கு எவ்வளவு பங்கோ, அதைவிட ஒரு கை கூடுதல் இவளுக்கு.

மீன்காரிக்கும் டிகிரிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

ஸ்காலர்ஷிப்பில் போனவள் நான். கூடவே ஒரு கண்டிஷன் — ஆறு மாதத்துக்குள் ஸ்பானிஷ் பேச்சுத் தேர்வில் பாஸாக வேண்டும். இல்லையென்றால் ஸ்காலர்ஷிப் கட். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட வேண்டியதுதான். எழுத்தில் எனக்குப் பிரச்சினையே இல்லை. இலக்கணத்தைக் கரைத்துக் குடித்திருந்தேன். பேச்சுதான்... நாலு மாதம் ஆகியும், வாயைத் திறந்தால் வெறும் காற்று.

காசிமேட்டில் மீன் விற்கிறவளின் மகள் நான். என் வாய்க்கு எங்கள் தெருவே பயப்படும். எனக்கா இந்தக் கதி!

அங்கே எல்லோரும் ரொம்ப நல்லவர்கள் — அதுதான் தொல்லையே. நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துத் திணறினால் போதும், கிளாஸில் யாராவது மீதியை முடித்து வைத்துவிடுவார்கள். ரூம்மேட் சட்டென்று இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாள். "ஐயோ பாவம், கஷ்டப்படுதே" என்று அவ்வளவு பாசம். அந்தப் பாசத்தில் என் நாக்கு சுருண்டு படுத்துக்கொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை போனில் அழுதேவிட்டேன். "பேசாம வந்துரட்டாம்மா?"

"வா. யாரு வேணான்னது? இன்னிக்கு இன்னா துன்னே, அத்த சொல்லு மொதல்ல."

"நூடுல்ஸ்."

"ஐய்ய! போயி நல்ல மீனா வாங்கி கொழம்பு வெச்சி துன்னு. அப்பால ரோசன பண்லாம்."

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனேன். ஐஸ் மேல் கானாங்கத்தை வரிசையாகப் படுத்திருந்தது. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கை தானாகப் போனது.

நம் ஊரில் மீன் வாங்குவது என்றால் என்ன? செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றைக் கட்டை விரலால் அமுக்க வேண்டும். இதெல்லாம் செய்யாமல் வாங்குகிறவரை மீன்காரியே மதிக்க மாட்டாள். நானும் தூக்கினேன்.

"ஏய்! கையை எடு!"

கத்தியது கடைக்காரி மரிசா. மார்க்கெட்டே திரும்பியது. அங்கே வாடிக்கையாளர் மீனைத் தொடவே கூடாதாம். ஹோட்டலில் பக்கத்து டேபிள்காரரின் இட்லியை அமுக்கிப் பார்த்தால் எப்படி இருக்கும்? அந்த அளவுக்குக் குற்றம்.

வேறு நாளாக இருந்தால் ஒரு ஸாரியோடு நழுவியிருப்பேன். ஆனால், செவுளைப் பார்த்துவிட்டேனே! பழுப்பு. இந்தம்மாவோ "காலையில் வந்த மீன்" என்று கூவிக்கொண்டிருக்கிறாள். சும்மா விட முடியுமா?

"இன்னைக்கு இல்லை! நேத்து! கண் உள்ளே. செவுள் பழுப்பு. என் அம்மா... மீன்... விற்க. எனக்குத் தெரியும்!"

வினைச்சொல் ஒன்றுகூட உருப்படி இல்லை. ஆனால், நாலு மாதத்தில் நானாகத் தொடங்கி நானே முடித்த முதல் பேச்சு அதுதான்.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு மரிசா முழுசாகக் கேட்டாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, என்னைவிட இரண்டு மடங்கு சத்தத்தில் ஆரம்பித்தாள். "என் கடைக்கு வந்து என் மீனையே குறை சொல்றியா? எதைப் பார்க்கணும்? வாயால் சொல்லு, நான் திறந்து காட்றேன். கை மட்டும் இங்கே வரக் கூடாது!"

சொன்னேன். "அது இல்லை... அதுக்குக் கீழே. இடது பக்கம். திருப்பு. செவுளைத் தூக்கு. வயிற்றை அமுக்கு... இன்னும் பலமா!" எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், "எனக்கும் இந்தப் பொண்ணே பார்த்துக் கொடுக்கட்டும்" என்றார்.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கூத்து. ஊரில் என் கை பார்த்த வேலையையெல்லாம் அங்கே என் வாய் பார்க்க வேண்டியதாயிற்று. மீனில் ஆரம்பிக்கும் சண்டை, மழைக்குப் போகும். அவளுடைய உதவாக்கரை மச்சானுக்குப் போகும். நான் வார்த்தை கிடைக்காமல் தவித்தால் அவள் எடுத்துக்கொடுக்க மாட்டாள். கத்தியைப் பிடித்தபடி அப்படியே நிற்பாள். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தால் அவர்களுக்கும் திட்டு விழும்: "இருங்க, அவ இன்னும் முடிக்கல!"

தேர்வு வந்தது. எதிரே இரண்டு பேர். ஒரு சீட்டை நீட்டினார்கள். 'நீங்கள் வாங்கிய பொருள் சரியில்லை. கடைக்காரரிடம் புகார் செய்யவும்.' தேர்வாளரம்மாதான் கடைக்காரராம்.

அடப்பாவிகளா... இதுக்கா நான் ஆறு மாதமாகத் தூங்காமல் கிடந்தேன்? பிடித்தேன் பாருங்கள் ஒரு பிடி! மூன்றாவது நிமிஷத்தில் அந்தம்மா, "மன்னிச்சிடுங்க, வேற கொடுத்துடறேன்" என்று இறங்கி வந்துவிட்டார். பாஸ்! ஸ்காலர்ஷிப் தப்பியது.

ஓடிப்போய் மரிசாவிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கவுன்டரைச் சுற்றி வந்து, மீன் வாடையோடு என்னை இறுக்கி அணைத்துக்கொண்டாள். "சரி சரி, ஜனங்க நிக்கறாங்க" என்றாள். அவள் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

அந்தக் கூட்டத்தில், வாரா வாரம் எனக்காகப் பத்து நிமிஷம் காத்திருக்க அவளுக்கு என்ன தலையெழுத்து? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நன்றி, மரிசா. இதைவிடப் பெரிதாகச் சொல்ல எனக்கு எந்தப் பாஷையிலும் தெரியவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். எண்ணூர் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் ஒடிசாக்காரர் ஒருவர் வந்தார். "அக்கா... நான்... இந்த மீன்..." என்று இழுத்தார்.

"இன்னா நைனா, சங்கராவா? வஞ்சிரமா? கொழம்புக்கா, வறுக்கவா?" என்று அம்மா பாய்ந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். "இரும்மா. அவரே சொல்லட்டும்."

காத்திருந்தோம். அவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தார். "அக்கா... மீனு நல்லா கீது. ஆனா... நீ... ரொம்ப கத்துறே!"

அம்மா என்னை முறைத்தாள். காத்திருந்தால் இந்த மாதிரி உண்மையையெல்லாம் கேட்க வேண்டி வரும்தான்!