புத்தர் இல்லாத கடல்

காலையில் விரலை எச்சில்படுத்தி ஜன்னலுக்கு வெளியே நீட்டாமல் சாரங்கபாணி காபியைத் தொடமாட்டார். ஏ.எஸ்.ராவ் நகரில் அந்த விரலைக் கேட்டுக்கொண்டுதான் காற்றே வீசுகிறது. சரி, கொஞ்சம் கூட்டிவிட்டேன். எதிர்வீட்டுக் கொடியில் புடவை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டுதான் விரலையே நீட்டுவார்.

"இன்னிக்குத் தென்மேற்கு, ரமணி!"

"காபி ஆறறது" என்பாள் மனைவி.

பக்கத்து மின்னணு ஆலையில் அளவுக் கருவிகளைச் சோதிப்பது அவர் உத்தியோகம். முள் மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை உசேன் சாகர் ஏரியில் பாய்மரப் படகேறினால் மட்டும் எந்தக் கருவியும் வேண்டாம். "ஏரி நடுவுல புத்தர் சிலையா நிக்கறார். அவரை இடது பக்கம் வெச்சுண்டா எங்க வேணா போகலாம்."

இந்தத் தைரியத்தில்தான் போன ஜனவரியில், விசாகப்பட்டினத்திலிருந்து காக்கிநாடாவுக்குத் தனியாளாகப் படகோட்டும் பந்தயத்தில் இறங்கினார். காலனியே மாலை போட்டு ரயிலேற்றியது.

கடலில் புத்தர் இல்லை. பனிமூட்டத்தில் கரையும் மறைந்தது. நங்கூரமிட்டு நின்ற சரக்குக் கப்பல் ஒன்று கண்ணில் பட, அதையே புத்தராக வரித்துக்கொண்டார். புத்தர் மெல்ல நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கல்கத்தா பக்கம் கிளம்பினார். அது திரும்ப, இவரும் திரும்பினார். திசைகாட்டி பெட்டிக்குள் சுகமாகத் தூங்கியது.

காற்றும் ஓய்ந்து பாய் துவண்டபோது மீனவர்கள் வந்தார்கள். "எக்கடிகி சார்?"

"காக்கிநாடா!"

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்து, அவர் முதுகுப் பக்கம் கை காட்டினார்கள். பிறகு கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தார்கள்.

"அலை ஒவ்வொண்ணும் நம்ம காலனி தண்ணித் தொட்டி உயரம்!" என்று ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தார். மாதாப்பூரில் வேலை பார்க்கும் மாடிவீட்டு நிகில் விடுகிறானா? "அங்கிள், கப்பலோட ரேஸ் விட்டு செகண்ட் வந்தீங்களாமே!" அவரும் சேர்ந்து சிரித்துவைப்பார். ஆனால் அது உள்ளே போய்க் குத்துகிறது. இந்த ஜனவரியில் காக்கிநாடாவைத் தொட்டால்தான் அவருக்கு நிம்மதி. ரமணியோ ஒரே வார்த்தையில் "நக்கோ" என்று தடுத்துவிட்டாளாம்; இன்று காலை காபியை வைத்துக்கொண்டு புலம்பினார்.

"நான் எங்க நக்கோன்னேன்?" அடுக்களையிலிருந்து வந்தாள் ரமணி. "பெட்டில கிடக்கறதைப் பார்க்கக் கத்துண்டு போங்கோன்னுதானே சொன்னேன்?" காபி டம்ளருக்குப் பக்கத்தில் திசைகாட்டியை வைத்தாள். "எங்க, சொல்லுங்கோ. வடக்கு எது?"

சாரங்கபாணியின் கண், வடக்கே நிற்கும் காலனி தண்ணீர்த் தொட்டியைத் தேடி வெளியே ஓடியது.

ரமணி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.