கிடைக்குள் ஒரு சாய்கோடு

கணினியில் இரண்டு சதுர அடைப்புக்குறிகளைத் தட்டி, உள்ளே ஒரு விதைப்புக்காட்டின் சர்வே எண்ணை எழுதி, மறுபடி இரண்டால் அடைத்ததும் சுதாராணி காலிரண்டையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வாள். இணைப்பு திறக்கும்வரை இறக்கமாட்டாள். கேட்டால், "ஆடு போவுதுல்லா, வழி விடணும்" என்பாள். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால், மாடி அறை அது. அங்கே ஆட்டுப்புழுக்கை கிடந்ததாகச் சத்தியம் செய்யத் தெருவில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

பகலெல்லாம் புதியம்புத்தூர் தையல் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவள். மிச்ச நேரமெல்லாம் 'கிடைக்குறிப்பு'க்கு. விதைப்புக்கு முன் உரத்துக்காகக் கரிசல்காட்டில் ஆடுகளை ராத்தங்க வைப்பார்களே, அந்தக் கிடை எந்த நாள் யார் காட்டில் என்று கிடைக்காரர்கள் செல்போனில் எழுதிவைக்கும் பக்கங்கள் அவை. எழுதியதைப் படித்து இணைப்பாக மாற்றும் நிரல் அவளுடையது. அடைப்புக்குறிகளை, ஆட்டை வளைத்து அடைக்கும் தட்டிபோல, கிடைப்படல் என்றே சொல்வாள். "உள்ள எது கெடந்தாலும் பத்திரமாக் கெடக்கணும்."

போன வாரம் படல் சரிந்தது. பசுவந்தனைப் பக்கம் ரெங்கம்மாளின் காடு 112/2. நிரல் சாய்கோட்டைக் கண்டதும் பேர் அதோடு முடிந்தது என்று நினைத்து, 112 என்ற பக்கத்தைத் திறந்துவிட்டது. அதிலிருந்த வரைபடம் காட்டியது அவர் கொழுந்தன் காட்டை. சோலைச்சாமி வெளியூர்க் கிடைக்காரர். போன் சொன்ன வழியே நானூறு ஆட்டையும் ஓட்டிப்போனார். கொழுந்தனுக்கு ஓசி உரம், ரெங்கம்மாளுக்குக் கொதிப்பு.

"இன்னைக்கும் தப்பாப் போச்சுன்னா, ஆடி முச்சூடும் வேற கிடை பாத்துக்கிடுதேன்னுட்டாவ ரெங்கம்மா, தாயி," என்று இன்று காலையில் சோலைச்சாமி போனில் முனகினார். "அந்தச் சாய்ஞ்ச கோட்ட எடுத்துட்டு ஒரு புள்ளி வச்சாப் போதாதா?"

"பட்டாவுல இருக்கத மாத்த நான் யாரு அண்ணாச்சி? அவிய எழுதுனபடியே எழுதட்டும். கோணல் எம் பொட்டியிலதான்."

ஆனிக் காற்று ஜன்னலை ஆட்ட, அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தாள். சாய்கோடும் கேள்விக்குறியும் மற்றதும் கொம்பு வைத்த கிடாய்களாக வரிசையில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் வேடம் கட்டினாள்: நிரல் பேரை நடுவில் வெட்டிவிடாதபடி, முகவரிக்குள் நுழையும்போது மட்டும் ஒரு சதவீதக்குறியும் இரண்டு எழுத்தும், படிக்கிறவர் கண்ணுக்குச் சொந்த முகம். முதல் தடவை அவசரத்தில் வேடத்துக்கே வேடம் கட்டிவிட்டாள். சதவீதக்குறியும் உருமாறி, பக்கமே காணாமல் போனது. பிரித்துப்போட்டு, ஒரே ஒரு தடவை கட்டினாள்.

பொழுது சாயும் நேரம் போன் வந்தது.

"லிங்க்க அமுக்குனேன் தாயி. நேரா கொண்டாந்து விட்டுட்டு. ரெங்கம்மா காட்டு வேப்பமரம் தெரியுது. அவியளும் அங்கன வரப்புலதான் நிக்காவ."

பின்னால் மணிச்சத்தம், அதற்கும் பின்னால், மழை வருவதுபோல் நானூறு ஆட்டின் குளம்போசை.

சுதாராணி காலிரண்டையும் நாற்காலிமேல் தூக்கி வைத்தாள். பிறகு குனிந்து, தரையில் இருந்த தண்ணீர்ச் செம்பை ஓரமாக நகர்த்தினாள்.