கேட்காமல் போட்ட சர்க்கரை

இங்கிலாந்தில், ஓல்டாமில் என் பக்கத்து வீட்டுக்காரி வின்னி. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறவள். அவள் வாயில் 'ஸ்வீட்' என்ற ஒரு சொல் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. சாப்பாட்டுக்குப் பின் வருகிற புட்டிங் ஸ்வீட். பையில் கிடக்கும் மிட்டாய் ஸ்வீட். அவள் புருஷன் கிளிஃபோர்ட் வாடகைக்கு எடுத்த தோட்டத்தில் வளர்க்கிற பட்டாணிப் பூவுக்குப் பெயரே 'ஸ்வீட் பீ'. பூனைக்குட்டி, பஸ் டிரைவர், நான் எல்லாருமே ஸ்வீட். ஆகாத நாத்தனார் பரிசு அனுப்பினாலும் 'ரொம்ப ஸ்வீட்'தான். அப்போது மட்டும் உதடு கோணும். எது பாராட்டு, எது குத்தல் என்று பத்தொன்பது வருஷமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

டீயில் மட்டும் அவளுக்கு இனிப்பு ஆகாது. சர்க்கரை போடாதவர் கையில் கேட்காமலே சர்க்கரை டீயைக் கொடுத்தால், இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பின்னாலேயே இழவுச் செய்தி வருகிறது, நெஞ்சைத் திடப்படுத்திக்கொள்.

அன்று மழையில் தொப்பலாக நனைந்து என் அடுக்களைக்குள் வந்தாள் வின்னி.

"வடிவு, தோட்டத்துப் பக்கம் ஆம்புலன்ஸ் போச்சு. இந்த மனுஷன் போன எடுக்க மாட்டேங்குறான்."

நான் அப்போதுதான் சென்னையிலிருக்கும் தங்கையோடு போனில் சண்டை போட்டு முடித்திருந்தேன். அந்தக் கடுப்பில், என் கோப்பைக்குப் போடுகிற கையோடு அவள் கோப்பையிலும் இரண்டு கரண்டி தட்டிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

ஒரு வாய் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"எப்போ?"

சண்டைச் சத்தம் அவள் காதிலும் விழுந்திருக்கும், தங்கையின் போனைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "இப்பதான் போன் வந்துச்சு, நீங்க வர்றதுக்கு முன்னாடி."

"ரொம்பக் கஷ்டப்பட்டானா?"

யாரைச் சொல்கிறாள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திருதிருவென்று விழித்தேன். அவளோ மேசையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"காலையில பூ கொண்டாந்து நீட்டுனான் வடிவு. கல்யாண நாள மறந்துட்டு ரெண்டு நாள் கழிச்சு! 'ரொம்ப ஸ்வீட்'னு சொல்லிக் குப்பையில போட்டேன். காறித் துப்புற மாதிரி சொன்னேன். அதுதான் அவன் காதுல கடைசியா விழுந்த வார்த்தை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடிப்பாவி, சர்க்கரை!

"ஐயோ வின்னி, இல்ல! கை தவறிப் போட்டுட்டேன்! எனக்கு ஒண்ணுமே தெரியாது!"

அவள் நம்பவில்லை. ஆம்புலன்ஸ் போனது நிஜம்தானே? நானே போன் வந்தது என்றேனே? சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கதவு திறந்தது. முழங்கால் வரை சேறோடு கிளிஃபோர்ட்.

"வீடு பூட்டியிருந்துச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்குக் கால் பிசகிடுச்சு, ஆம்புலன்ஸ்ல ஏத்திவிட்டுட்டு வர்றேன். அப்பா, என்னா குளுரு!"

அவன் பாட்டுக்கு அவள் கோப்பையை எடுத்து ஒரு மடக்குக் குடித்தான். முகத்தைச் சுளித்தான். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, மெல்லத் தொப்பியைக் கழற்றினான்.

"யாரு செத்தது?"

"நீதான்யா!" என்று கத்திக்கொண்டே, அந்தச் சேற்றோடு அவனைக் கட்டிக்கொண்டாள் வின்னி.