சேட்டுவின் பேரில் நான்கு பேர்

"இந்தாங்கம்மா. ஒரே ஒரு ஆட்டம். பாத்துட்டு நா கெளம்பிக்கினே இருக்கறேன்" என்று சுகுமார் போனை நீட்டினான்.

கோவிந்தம்மாள் அதை வாங்கவில்லை. மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்து விதைக்கு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். விதைக்கடலையைக் கையால்தான் உடைக்க வேண்டும். மெஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும், முளைக்காது.

"முடியாது" என்றாள்.

"நீங்கதான் ஆடறீங்கன்னு தெரியணும்ல?"

"யாருக்குத் தெரியணும்?"

"சென்னைல. ஆபீஸ்ல."

"அவங்களுக்கு இன்னாத்துக்குத் தெரியணும்? நா அவங்க வூட்ல இன்னா நடக்குதுன்னு கேட்டனா?"

சுகுமார் திரும்பித் திவ்யாவைப் பார்த்தான். நீதானே கூட்டிக்கொண்டு வந்தாய், நீயே பேசு என்ற பார்வை. திவ்யா கம்பெனி கொடுத்த பச்சை டீ-ஷர்ட்டில் நின்றுகொண்டிருந்தாள். நெஞ்சில் ஏழு நிறத்தில் ஏழு குப்பிகள்.

குப்பி விளையாட்டு என்றுதான் காவாந்தண்டலத்தில் அதைச் சொன்னார்கள். ஒவ்வொரு குப்பியிலும் நிறங்கள் அடுக்கடுக்காகக் கலந்து கிடக்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கவிழ்த்து, குப்பிக்கு ஒரு நிறமாகப் பிரிக்க வேண்டும். ஊர் ஊராகப் போய் ஜனங்களின் போனில் இதை ஏற்றிக்கொடுப்பது திவ்யாவின் வேலை. ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா இலவசம். சுகுமார் அவளுக்கு மேலே இருப்பவன். காஞ்சிபுரத்தில் இருக்கிறான். அவனுக்கு மேலே சென்னையில் யாரோ இருந்தார்கள்.

போன வாரம் அந்த யாரோ ஒரு கணக்கைப் பிடித்தார்கள். சேட்டு, வயது ஐம்பத்தாறு, காவாந்தண்டலம். விடிகாலையில் இந்தச் சேட்டு நிதானமாக, ஒரு தப்பும் இல்லாமல் ஆடுகிறார். நடுப்பகலில் ஒரு குப்பியைக் கவிழ்க்க இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் படபடவென்று ஆடுகிறார், பாதி தப்பு. ஊர் அடங்கிய பிறகு ஆட ஆரம்பித்து எதையும் முடிக்காமல் விடுகிறார். ஒரு மனிதன் இப்படி ஆட முடியாது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. திவ்யா கொடுத்த கணக்குகளில் இன்னும் சிலவும் அப்படியே இருந்தன. அவளே உட்கார்ந்து ஆட்களை உண்டாக்குகிறாள் என்று முடிவு செய்தார்கள்.

"ஒரு பேப்பர் அனுப்பிக்கீறாங்க. டூப்பு கணக்கு போட்டேன், இனிமே போட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுடு. வேலைல வச்சிக்குவாங்க" என்று சுகுமார் போனில் சொன்னான்.

"நா போடல சார்."

"போட்டேன்னு நானும் சொல்லல. கையெழுத்து மட்டும் போடு."

"வந்து பாருங்க. அந்த வூட்ல நாலு பேர் ஆடறாங்க. வந்து பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க."

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார்கள்.

திவ்யாவின் ஊர் புள்ளலூர். அப்பா தாமோதரன் குத்தகை நிலத்தில் நெல் போடுகிறார். அவள் பத்தாவது படிக்கும்போது காப்பியடித்தாள் என்று கணக்கு வாத்தியார் வெளியே நிறுத்தினார். ஒத்துக்கொண்டால் உள்ளே வரலாம் என்றார். அன்று முழுக்க வெயிலில் நின்றாள். மறுநாள் அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கல்லூரி முடித்து ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனாள். அவள் வேலை செய்த வரிசையில் ஏதோ ஒரு கருவி உடைந்துபோயிற்று. நாங்கள்தான் உடைத்தோம் என்று எல்லோரையும் சேர்த்து ஒரு தாளில் கையெழுத்து கேட்டார்கள். மற்றவர்கள் போட்டார்கள். இவள் போடவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் இவளை மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை. "ஒரு கையெழுத்துல இன்னாடி கொறஞ்சிடும் உனக்கு?" என்று அம்மா கேட்டாள். கல்யாணப் பேச்சு வந்த இடங்களிலும் பெண்ணுக்கு வாய் அதிகம் என்று அவள் பேசுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். வயது இருபத்தாறு.

இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் தொல்லை. தன் ஸ்கூட்டி, தன் வழி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று வாலிபர்களைப் பிடித்தால் போதும் என்றுதான் சுகுமார் சொல்லியிருந்தான். வயசானவர்கள் விளம்பரம் பார்க்க மாட்டார்கள், காசு கட்ட மாட்டார்கள், கிராமத்துக்குப் போவது பெட்ரோலுக்குக் கேடு என்றான். அவள் இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டில் நின்றாள். வாலிபர்கள் டப்பாவை வாங்கிக்கொண்டு, பஸ் ஏறுவதற்குள் விளையாட்டை அழித்தார்கள். மூன்றாம் நாள் திருமுக்கூடல் வரை போனாள். பிறகு உள்ளே உள்ளே போனாள்.

எதனால் ஆடிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டு, காரணத்தையும் அனுப்ப வேண்டும். கம்பெனி நான்கு காரணம் கொடுத்திருந்தது. பொழுதுபோக்கு, மூளைக்குப் பயிற்சி, நண்பர் சொன்னார், விளம்பரம் பார்த்தேன். இந்த வீட்டில் அவள் எதையும் அழுத்த முடியவில்லை.

சேட்டு ஆடவே இல்லை. ஒருமுறை பம்புசெட்டுத் தொட்டியில் போன் விழுந்ததிலிருந்து அவர் அதைக் கழனிக்குக் கொண்டுபோவதில்லை. வீட்டில் கிடக்கும். மற்றவர்களிடம் இருந்தது ஒரு பட்டன் போன்தான். சேட்டுவின் அப்பா வேதாசலத்துக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். இடது கண் பாக்கி. முதல் நாள் அவர் போனைத் தூரப் பிடித்து, "இதுல எத்தினி கலரு கீது?" என்று கேட்டார். ஏழு என்றாள். "எனக்கு அஞ்சுதான் தெரியுது." இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபடி பார்த்தார். "இப்ப ஏழு." அதிலிருந்து தினமும் மத்தியானம் சோறு தின்றுவிட்டு, வெட்டின கண் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஆடினார். ஜெயிப்பது பற்றி அவருக்கு அக்கறை இல்லை.

சேட்டுவின் மகள் நிஷாவுக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் ஒருத்தி முந்நூறாவது ஆட்டத்தில் இருந்தாள். அவளைத் தாண்டினால் போதும்.

சேட்டுவின் மனைவி கோவிந்தம்மாளுக்கு, "உனக்கு இதெல்லாம் வராதும்மா" என்று நிஷா சொன்னதுதான் காரணம். வந்தது. விடியலில் பால் கறந்து வைத்துவிட்டு, பால் வண்டி வருகிற வரை ஆடினாள். "சோறாக்கினா துன்னுட்டு மறுபடி பசிக்குதுன்னு வராங்க. சாணி வாரினா மாடு மறுபடி போடுது. இது முடிஞ்சா முடிஞ்சதுதான். யாரும் வந்து கலைக்க மாட்டாங்க" என்று திவ்யாவிடம் ஒருநாள் சொன்னாள்.

மருமகள் கீர்த்தி மாசமாக இருந்தாள். புருஷன் தினேஷ்குமார் லாரியில் வெளியூர். புரண்டு படுக்க முடியாமல் தூக்கம் வராதபோது எடுப்பாள். பாதியில் கண் சொக்கும். அப்படியே வைத்துவிடுவாள். காலையில் மாமியார் மிச்சத்தை முடிப்பாள். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆனால் எந்த இடத்தில் சிக்கிக்கொண்டது என்பது மட்டும் இருவருக்கும் தெரியும்.

"யக்கா, எனக்காக ஒரு வாட்டி" என்றாள் திவ்யா. "டூப்பு போட்டேன்னு சொல்றாங்க. வேல போயிடும்."

கோவிந்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கை நிற்கவில்லை.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப நடந்து காட்டச் சொன்னாங்க. காலு நொண்டியான்னு பாக்க. கூடத்துல இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இனிமே யாருக்கும் எதையும் செஞ்சி காட்ட மாட்டேன். எனக்குத் தோணறப்ப ஆடுவேன். காலைல அஞ்சு மணிக்கு வரச் சொல்லு, ஆடிக்கினு இருப்பேன். அப்பவும் அந்தாளு பாக்கறதுக்காக ஆட மாட்டேன்."

"நா ஆடறேங்க்கா" என்றாள் நிஷா.

"வாணாம் பாப்பா" என்று சுகுமார் அவசரமாகச் சொன்னான். "சின்னப் பசங்க ஆடறாங்கன்னு தெரிஞ்சா அது வேற பேஜாரு." கதவருகில் நின்ற கீர்த்தியைக் கேட்டான். "நீ ஆடுவியாம்மா?"

கீர்த்தி மாமியாரைப் பார்த்தாள். "ராத்திரிலதான் வரும். பகல்ல ஆடினா வாந்தி வருது."

"பகல்ல வாந்தி. காலைல அஞ்சு மணி" என்றான் சுகுமார். "நா இன்னா எழுதறது திவ்யா? நீயே சொல்லு."

"ஏம்பா, இன்னா அது? ஆடணுமா? இங்க குடு" என்றார் கட்டிலில் படுத்திருந்த வேதாசலம்.

எழுந்து உட்கார்ந்தார். போனை வாங்கிக் கை நீளத்துக்குப் பிடித்தார். இடது கண்ணை ஒரு கையால் பொத்திக்கொண்டார். ஒற்றைக் கையில் நிற்காமல் போன் தொடைமேல் விழுந்தது. எடுத்து முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தொட்டார். குப்பி கவிழ்ந்தது. அடுத்ததற்கு யோசித்தார்.

சுகுமார் தன் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான். "பெருசு, கண்ண ஏன் பொத்திக்கினு கீற?"

"இது இன்னும் வெட்டல. இதுல பாத்தா நீலமும் பச்சையும் ஒண்ணாக் கீது."

சுகுமாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீடியோ ஆடாமல் இருக்க முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு சிரித்தான். "செம திவ்யா. இத குரூப்ல போட்டா பிச்சிக்கும். ஒத்தக் கண்ணு தாத்தா. சென்னைல விளம்பரத்துக்கே எடுத்துக்குவாங்க பாரு. ஒம் பிரச்சினையும் முடிஞ்சுது. பெருசு, இங்க பாரு, கொஞ்சம் சிரி."

வேதாசலம் பார்க்கவில்லை. அடுத்த குப்பியில் இருந்தார்.

திவ்யா போய் சுகுமாரின் போனுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னா?"

"நிறுத்துங்க சார்."

"லூசா நீ? இதான் ப்ரூஃப்."

"தெரியும். அழிங்க."

"நாலு பேர் ஆடறாங்கன்னு நீதான கூட்டியாந்த?"

"கண்ணால பாக்கக் கூட்டியாந்தேன். பாத்துட்டீங்க. அவர் அவருக்காக ஆடறாரு. சென்னைல சிரிக்கறதுக்கு இல்ல."

"யாரும்மா சிரிக்கப் போறாங்க?"

"நீங்க இப்பவே சிரிச்சிக்கினுதான் கீறீங்க."

கோவிந்தம்மாளின் கை நின்றது. நிஷா சுகுமாருக்குப் பின்னால் வந்து நின்று அவன் போனை எட்டிப் பார்த்தாள். அவன் அழித்தான். அழித்ததைக் காட்டினான். பிறகு பையிலிருந்து தாளை எடுத்தான்.

"சரி. அப்பக் கையெழுத்துப் போடு. நாளைலேர்ந்து பஸ் ஸ்டாண்ட்ல நில்லு. அவ்ளோதான்."

"மாட்டேன்."

"ரெண்டுல ஒண்ணு பண்ணணும் திவ்யா. எனக்கும் மேல பதில் சொல்லணும்."

"ரெண்டும் இல்லன்னு சொல்லுங்க."

"வேல போயிடும்."

"போவட்டும். நா போடாததைப் போட்டேன்னு எழுதிக் குடுத்து வர்ற வேல வாணாம்."

அவன் தாளை மடித்துப் பையில் வைத்தான். கோபக்காரன் இல்லை. வெயிலில் இவ்வளவு தூரம் வந்தது வீணாகிவிட்டது என்ற சலிப்புதான் இருந்தது. "டீ-ஷர்ட்டு, மிச்ச டப்பால்லாம் நாளைக்குக் கொண்டாந்து குடுத்துடு" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான்.

பைக் சத்தம் தெரு முனையில் திரும்பியது.

"ஏன்டி வாணான்ன?" என்று கேட்டாள் கோவிந்தம்மாள். "மாமா அவர் பாட்டுக்கு ஆடிக்கினு இருந்தாரு. உனுக்கு நல்லதுதான?"

"நீ ஏன் வாணான்ன?"

"அது நானு."

"அதேதான்."

கோவிந்தம்மாள் உடைத்த கடலையில் சொத்தையைப் பொறுக்கித் தனியாக வைத்தாள். கொஞ்சம் நகர்ந்து முறத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டாள். திவ்யா உட்கார்ந்து ஒரு பிடி எடுத்து உடைக்கத் தொடங்கினாள்.

"நகத்தால கீறாத. நுனில அமுக்கு" என்றாள் கோவிந்தம்மாள்.

கட்டிலில் வேதாசலம் எண்ணி முடித்துவிட்டுக் கண்ணிலிருந்து கையை எடுத்தார். "ஏழும் கீது" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. திவ்யா துவைத்த இரண்டு டீ-ஷர்ட்டுகளையும் மிச்சமிருந்த டப்பாக்களையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு, பெட்ரோலுக்குச் செலவழிக்காமல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போனாள். ஆபீஸில் ஒரு பெண் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு, அதே தாளை நீட்டினாள். திவ்யா கையெழுத்துப் போடவில்லை. சுகுமார் வெளியே போயிருந்தான். சேட்டுவின் பேரில் இருந்த கணக்கை மூடிவிட்டார்கள். நிஷா பள்ளிக்கூடம் விட்டு வந்து கோவிந்தம்மாளின் பேரில் புதிதாகத் திறந்தாள். முதல் ஆட்டத்திலிருந்து ஆட வேண்டியிருந்தது. திவ்யா அதற்கு முன்பே மூன்று மணி பஸ்ஸில் ஊர் திரும்பியிருந்தாள். அம்மா கேட்டாள், இவள் சொன்னாள். அம்மா திட்டினாள். சாயங்காலம் தூறல் போட்டது. திவ்யா கொடியில் இருந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தாள்.